‘திறமை இருந்தால் வரட்டும்’ என்பவர்களுக்கு ஒரு கோல்ஃப் கதை

“திறமை இருந்தால் வரட்டும், யார் தடுத்தது?” – இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம் நம் பிள்ளைகளின் காதில் விழும் வாக்கியம் இது. கல்லூரி வகுப்பறையில் விழுகிறது, விடுதியில் விழுகிறது, வேலைக்குச் சேர்ந்த பிறகும் விழுகிறது. இப்படிக் கேட்கிறவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. பந்தயம் எல்லோருக்கும் பொது, கோடு எல்லோருக்கும் ஒன்று, முந்தி வருபவர் வெல்லட்டும் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் நிறைய. அவர்களுக்குப் பதில் தேடி இம்முறை நாம் வெகுதூரம் போகப் போகிறோம். அமெரிக்காவில் கல்லூரி ஆண்கள் கோல்ஃப் அணிகளுக்கு எப்படி ஆள் எடுக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறோம்.

நம்மில் பலர் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் ஆட்டம் எளிதாகப் புரியும். சிறிய பந்தை மட்டையால் அடித்து அடித்து, தொலைவில் இருக்கும் குழிக்குள் விழச் செய்ய வேண்டும். மொத்தம் 18 குழிகள். குறைவான அடிகளில் முடிப்பவர் வென்றவர். நடுவரின் தயவு தேவையில்லை. மதிப்பெண் போடுபவரின் மனநிலையும் தேவையில்லை. எத்தனை அடி என்ற எண்ணிக்கைதான் தீர்ப்பு. ‘தகுதி’யை இவ்வளவு துல்லியமாக எண்ணிக் காட்டும் விளையாட்டுகள் குறைவு. ‘திறமை மட்டுமே பேசும்’ என்று சொல்லத் தகுந்த விளையாட்டு ஒன்று உண்டென்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்காவில் கல்லூரி அணி என்பது பொழுதுபோக்கு அல்ல. அணியில் இடம் கிடைத்தால் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கலாம். நல்ல மைதானமும் பயிற்சியாளரும் கிடைப்பார்கள். 2020இல் தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தின்படி, கடைசி ஆண்டில் தரவரிசையில் முன்னால் நிற்கும் மாணவர்களுக்குத் தொழில்முறைப் போட்டிகளில் நேரடியாக இடம் தருகிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் ஆகாதவருக்கும் கையில் ஒரு பட்டம் மிஞ்சுகிறது. எனவே அணியின் வாசல் என்பது வாழ்க்கையின் வாசலும்கூட.

பட்டியலில் பெயர் ஏறுவது எப்படி?

கல்லூரி கோல்ஃப் போட்டியில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுகிறார்கள். அவர்களில் சிறந்த நான்கு பேரின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். அவ்வளவுதான் கணக்கு. அணியில் மொத்தம் பத்துப் பேர் அளவில் இருப்பார்கள். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் பிரிவில் ஆண்கள் கோல்ஃப் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் ஏறத்தாழ 300. ஆண்டுதோறும் ஒவ்வோர் அணியிலும் இரண்டு, மூன்று இடங்கள் காலியாகும். அந்த இடங்களுக்குத்தான் அமெரிக்கா முழுவதிலும் இருந்தும் உலகம் முழுவதிலும் இருந்தும் இளைஞர்கள் போட்டியிடுகிறார்கள்.

பயிற்சியாளர் ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? ஊர் ஊராகப் போய்த் திறமையைத் தேட அவருக்கு நேரமில்லை. அவர் கையில் ஜூனியர் தரவரிசை என்ற பட்டியல் இருக்கிறது. எந்தப் போட்டியில் ஆடினான், யாரோடு ஆடினான், மைதானம் எவ்வளவு கடினம், எத்தனை அடிகளில் முடித்தான் என்பதையெல்லாம் வைத்து அந்தப் பட்டியல் உருவாகிறது. 1978இல் தொடங்கிய அமெரிக்க ஜூனியர் கோல்ஃப் சங்கத்தின் போட்டிகளுக்கு அதில் பெரிய மதிப்பு. பயிற்சியாளர்கள் நேரில் வந்து நின்று பார்ப்பதும் பெரும்பாலும் இத்தகைய போட்டிகளில்தான்.

விதிகளின்படி, ஒரு மாணவன் 10ஆம் வகுப்பு முடிக்கும் ஆண்டின் ஜூன் 15 முதல் பயிற்சியாளர் அவனோடு நேரடியாகப் பேசத் தொடங்கலாம். அந்தத் தேதியில் யாரை அழைப்பது என்பது பயிற்சியாளருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் 15 வயதுக்குள் அந்தப் பையன் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். 15 வயதில் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் எட்டு, ஒன்பது வயதிலேயே மட்டை பிடித்திருக்க வேண்டும்.

இப்போது செலவைக் கணக்குப் பார்ப்போம். ஒரே ஒரு தேசிய அளவிலான ஜூனியர் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் மட்டுமே சில நூறு டாலர். போட்டி பெரும்பாலும் வேறு மாநிலத்தில் நடக்கும். விமானம், வாடகைக் கார், மூன்று நான்கு இரவு விடுதி, கூடவே வரும் அப்பா அல்லது அம்மாவின் சம்பளமில்லா விடுப்பு எல்லாம் சேரும். ஒரு போட்டி போதாது. கோடை முழுவதும் ஆட வேண்டும். மட்டைகள், பயிற்சியாளருக்கான மணிக்கணக்குக் கட்டணம், மைதான உறுப்பினர் சந்தா தனி. வசதியான குடும்பத்துக்கே மூச்சு வாங்கும் செலவு இது.

பயிற்சியாளர் நல்லவராகவே இருக்கலாம். அவர் மனத்தில் நிறவெறியோ பணத்திமிரோ துளியும் இல்லாமல் இருக்கலாம். பட்டியலை மேலிருந்து கீழாக நேர்மையாகப் படித்தாலே போதும். பணமில்லாத வீட்டுப் பையன் விடுபட்டுப் போவான். அவன் தோற்கவில்லை. தோற்பதற்கான இடத்துக்குக்கூட அவனால் வர முடியவில்லை. ‘யார் தடுத்தது?’ என்று கேட்டால் ஒருவரையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. இன்றைய தடையின் தந்திரமே இதுதான்.

பை சுமந்தவர்கள்

தடை எப்போதும் இப்படி முகம் தெரியாமல் இருந்ததில்லை. ஒரு காலத்தில் அது எழுத்திலேயே இருந்தது.

கோல்ஃப் ஆடுகிறவரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவருக்குக் கேடி என்று பெயர். நம் ஊர்க் காவல் நிலையப் பதிவேட்டில் வரும் ‘கேடி’ வேறு. இந்தக் கேடி பை சுமப்பார், பந்து எங்கே விழுந்தது என்று தேடுவார், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்த மட்டை சரி என்று யோசனையும் சொல்வார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்தவர்கள் கறுப்பின மக்கள். புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானத்தில் 1982 வரை ஆட்டக்காரர்கள் அந்த மன்றத்தின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இருந்தது. அந்தக் கேடிகள் கறுப்பர்கள். மைதானத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அதே மன்றம் தன் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990இல்தான்.

அறிவு இல்லாததால் அவர்கள் வெளியே நிற்கவில்லை. கோல்ஃப் பந்தை நிறுத்தி வைக்கும் சிறு முளைக்கு ‘டீ’ என்று பெயர். மரத்தாலான டீ ஒன்றுக்கு 1899இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜார்ஜ் கிரான்ட். ஹார்வர்டில் படித்த கறுப்பினப் பல் மருத்துவர் அவர். அதற்கும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1896இல், ஜான் ஷிப்பன் என்ற கறுப்பின இளைஞர் அமெரிக்க ஓபன் போட்டியில் ஆடினார். கேடியாக இருந்து ஆட்டம் கற்றவர் அவர். அவரோடு அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்த ஆஸ்கர் பன்னும் ஆடினார்.

இவ்வளவு தொடக்கத்திலேயே வந்தவர்களைப் பிறகு விதி போட்டு நிறுத்தினார்கள். தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதிமுறையில் ‘வெள்ளையர் மட்டும்’ என்ற பிரிவு 1934 முதல் 1961 வரை இருந்தது. பில் ஸ்பில்லர் என்பவர் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள வைலி கல்லூரியில் பட்டம் பெற்றவர். பட்டம் இருந்தும் ரயில் நிலையத்தில் பெட்டி சுமக்கும் வேலைதான் கிடைத்தது. கோல்ஃப் நன்றாக ஆடினார். 1948இல் ரிச்மண்ட் ஓபன் போட்டிக்குப் போனபோது, அந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, கேடியாக வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் ஒரு உறுப்பினரிடம் தன் கதையைச் சொன்னார். அந்தச் செய்தி கலிபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஸ்டான்லி மோஸ்க் வரை போனது. அவர் கொடுத்த நெருக்கடியில்தான் 1961 நவம்பரில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் ஸ்பில்லருக்கு அப்போது ஆட்டத்தின் வயது கடந்துவிட்டிருந்தது.

சார்லி சிஃபோர்ட் சிறுவனாகக் கேடி வேலை பார்த்தவர். அந்த விதி விழுந்த காலத்தில் அவருக்கு வயது 39. லீ எல்டரும் சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கேடியாக வளர்ந்தவர். 1975இல் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடிய முதல் கறுப்பர் அவர்தான். கொலை மிரட்டல்கள் வந்ததால் அந்த வாரம் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து மாறி மாறித் தங்கினார். இவர்களுக்கெல்லாம் திறமை இல்லையா? இருந்தது. திறமை உச்சத்தில் இருந்த ஆண்டுகள்தான் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டன.

இந்தக் கதை நமக்குப் புதிதா? பல்வங்கர் பாலுவை நினைத்துப் பாருங்கள். புணேயில் ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் மன்றத்தில் மைதான வேலை பார்த்த தலித் இளைஞர். வெள்ளை அதிகாரிகளின் மட்டைப் பயிற்சிக்குப் பந்து வீசியே பெரிய பந்துவீச்சாளர் ஆனார். இந்து அணியில் சேர்த்துக்கொண்டார்கள். பந்தை அவர் கையிலிருந்து வாங்கியவர்கள், தேநீரை மட்டும் அவருக்குத் தனிக் குவளையில் வெளியே வைத்துக் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்படியும் இந்து அணியின் தலைவர் பதவி அவருக்கு வரவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல் தலைவரானார். பை சுமந்தவரும் மைதானம் கூட்டியவரும் இரண்டு நாடுகளிலும் ஒரே வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

வந்தவர்கள் எப்படி வந்தார்கள்?

‘அதெல்லாம் பழைய கதை. டைகர் உட்ஸ் வரவில்லையா?’ என்று கேட்பார்கள். வந்தார். எப்படி வந்தார் என்று பார்ப்போம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கோல்ஃப் பயிற்சியாளர் வாலி குட்வின், 1989இல் ஒரு பத்திரிகைக் குறிப்பைப் பார்த்துவிட்டு, 13 வயதுச் சிறுவன் டைகருக்குக் கடிதம் எழுதினார். சிறுவன் பதில் எழுதினான். தன் படிப்பு மதிப்பெண்ணையும் ஆட்டத்தின் தரத்தையும் அதில் குறிப்பிட்டிருந்தான். 1994இல் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து, 1996இல் கல்லூரி அளவிலான தனிநபர் பட்டத்தை வென்றார். உலகம் அறிந்த மீதிக் கதையை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பத்திரிகையில் பெயர் வரும் முன்பே அந்தச் சிறுவனுக்கு மட்டை பிடிக்க ஓர் இடம் இருந்தது. தந்தை ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி. அதனால் வீட்டுக்கு அருகே இருந்த கடற்படை மைதானத்தில் ஆட வழி கிடைத்தது. மேதைக்கும் முதலில் ஒரு மைதானம் வேண்டும்.

அதே அணியில் நோட்டா பிகே என்ற நவஹோ இன இளைஞர் இருந்தார். அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது அல்புகர்க் நகரின் நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் போய், ‘வேலை செய்கிறேன், காசு வேண்டாம், பந்து அடிக்க விடுங்கள்’ என்று கேட்டு, பந்துக் கூடைகளைச் சுமந்து ஆட்டம் பழகினார். 1994இல் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்ற ஸ்டான்ஃபோர்டு அணியில் அவரும் ஒருவர். பின்னர் தொழில்முறைச் சுற்றில் நான்கு முறை வென்றார்.

ஹெரால்ட் வார்னர் என்ற கறுப்பின ஆட்டக்காரர் வட கரோலினா மாநிலத்தின் காஸ்டோனியா நகரில் வளர்ந்தவர். அங்கே நகராட்சி மைதானத்தில் சிறுவர்களுக்குக் கோடை முழுவதும் ஆட 100 டாலர்தான் கட்டணம். அந்த ஒரு சலுகையில் வளர்ந்து கிழக்குக் கரோலினா பல்கலைக்கழக அணிக்குப் போனார். அங்கிருந்து தொழில்முறைச் சுற்றுக்குப் போனார்.

ஒரு நகராட்சி மைதானம், ஓர் இரக்கமுள்ள காவலாளி அல்லது மேலாளர், 100 டாலர் சீட்டு. இந்த மூன்றில் ஒன்று இல்லாத ஊர்களில் எத்தனை வார்னர்கள், எத்தனை பிகேக்கள் பந்தைத் தொடாமலே வளர்ந்து முதிர்ந்திருப்பார்கள்? அவர்களின் பெயர் எந்தத் தரவரிசையிலும் இல்லை. வராதவரைக் கணக்கெடுக்க எந்தப் பட்டியலாலும் முடியாது. வந்த ஒருவரைக் காட்டி, வராத ஆயிரம் பேரைக் குற்றம் சொல்வதுதான் ‘திறமை இருந்தால் வரட்டும்’ என்ற வாக்கியத்தின் வேலை.

தானாகத் திறந்த கதவு இல்லை

இதைப் புரிந்துகொண்டவர்கள் அமெரிக்காவில் சில காரியங்களைச் செய்தார்கள். நாம் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான்.

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் பல்கலைக்கழகம் கறுப்பின மக்களின் கல்விக்காகத் தோன்றியது. எடி பேட்டன் 1986 முதல் அங்கே கோல்ஃப் பயிற்சியாளராக இருந்தார். 1995இல் தேசியக் கல்லூரிப் போட்டிக்கு அழைக்கப்பட்ட முதல் கறுப்பினக் கல்லூரி அணி அவருடையது. கறுப்பினக் கல்லூரிகளுக்கென 1987இல் கிளீவ்லாந்து நகரில் தனியான தேசியப் போட்டி ஒன்றும் தொடங்கப்பட்டது. பெரிய போட்டிகளின் அழைப்பு வராத அணிகளுக்கு ஆடுவதற்கு ஒரு மேடை வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்றும் அது வேறு பெயரில் நடக்கிறது.

வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகமும் கறுப்பின மக்களுக்கானது. 2019இல் அங்கே வந்த கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டீஃபன் கரியிடம், கோல்ஃப் ஆட ஆசைப்பட்ட ஒரு மாணவர் தன் பல்கலைக்கழகத்துக்கு அணி இல்லாததைச் சொன்னார். ஆறு ஆண்டுகளுக்கு ஆண், பெண் அணிகளின் செலவை ஏற்பதாகக் கரி அறிவித்தார். 2020–21 கல்வியாண்டில் அணி களமிறங்கியது. அதற்குப் பயிற்சியாளராக வந்த சாம் பியூரியர், 2007இல் தேசியப் பட்டம் வென்ற ஸ்டான்ஃபோர்டு அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்.

அகஸ்டா மன்றம் 2020இல் லீ எல்டர் பெயரில் இரண்டு உதவித்தொகைகளை அறிவித்தது. அதே நகரில் உள்ள, கறுப்பின மக்களுக்கான பெயின் கல்லூரியின் ஆண், பெண் ஆட்டக்காரர்களுக்கு அவை போகின்றன. தாமதமான நீதிதான். ஆனாலும் தாமதத்தை ஒப்புக்கொண்ட நீதி. அமெரிக்க ஜூனியர் கோல்ஃப் சங்கமும் வசதியில்லாத பிள்ளைகளின் போட்டிச் செலவையும் பயணச் செலவையும் திருப்பித் தரும் நிதி ஒன்றை நடத்துகிறது. கல்லூரி வாசலில் கொடுப்பதைவிட, பட்டியலில் ஏறும் வயதில் கொடுப்பது கூடுதல் பயன் தரும் என்று அவர்களே உணர்ந்ததன் அடையாளம் இது.

இவை எல்லாவற்றிலும் பழையது கேடிகளுக்கான உதவித்தொகை. சார்லஸ் எவன்ஸ் கேடியாகத் தொடங்கி 1916இல் அமெரிக்க ஓபன், அமெரிக்க அமெச்சூர் ஆகிய இரண்டு பட்டங்களையும் வென்றவர். பரிசுப் பணத்துக்கு ஆடமாட்டேன் என்றிருந்த அவர், தன் புகழால் வந்த பணத்தைக் கேடிகளின் படிப்புக்கு ஒதுக்கினார். 1930இல் இரண்டு மாணவர்களோடு தொடங்கிய அந்த உதவித்தொகை, இதுவரை 12,000க்கும் மேற்பட்டோரைப் பட்டதாரிகளாக்கியிருக்கிறது. படிப்புக் கட்டணமும் தங்குமிடமும் முழுவதும் இலவசம். கோல்ஃப் ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பை சுமந்த உழைப்பு, படிப்பில் கவனம், வீட்டில் வறுமை, நல்ல நடத்தை ஆகியவைதான் தகுதி. சுமந்த உழைப்பையே தகுதியாக எண்ணிய இந்த ஒரு கணக்கு, ‘தகுதி’ என்ற சொல்லையே நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது.

நமக்கும் இப்படி ஒரு முன்னுதாரணம் உண்டு. 1913இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில்தான் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். உதவித்தொகை முதலில் வந்தது. அவருடைய அறிவின் வீச்சை உலகம் பிறகு கண்டது. வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்களின் நிலைக்கும் தீண்டாதாரின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். அங்கே நடப்பதை இங்கே இருந்து நாம் கவனிப்பது புதிய பழக்கம் அல்ல.

குறைகளையும் மறைக்க வேண்டாம்

மேலே சொன்ன ஏற்பாடுகள் போதுமா? போதாது. கறுப்பினக் கல்லூரிகளின் கோல்ஃப் அணிகளிலேயே வெள்ளை மாணவர்களும் வெளிநாட்டு மாணவர்களும் நிறைய இடம்பிடித்திருக்கிறார்கள். கறுப்பினக் கல்லூரிகளுக்கான போட்டியிலேயே அப்படிப்பட்ட அணிகள் வென்றதும், அதுபற்றி விவாதம் எழுந்ததும் உண்டு. காரணம் எளிது. வெல்ல வேண்டிய பயிற்சியாளர், ஏற்கெனவே தயாராக இருக்கும் ஆட்டக்காரரைத்தான் தேடுவார். தயாராக இருப்பவர் சிறுவயதிலிருந்து செலவழிக்க முடிந்தவர். கல்லூரியின் பெயரில் சமூகநீதி இருந்தால் மட்டும் போதாது. ஊரில் இருக்கும் சிறுவனுக்கு எட்டு வயதில் மட்டை கிடைக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு நட்சத்திரத்தின் கருணையில் நிற்கும் அணி, அந்தக் கருணை முடியும் நாளை எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். கொடையை நாம் மதிக்கிறோம். ஆனால் கொடை வேறு, உரிமை வேறு. உரிமையைப் பட்ஜெட்டிலும் விதியிலும் எழுதி வைக்கலாம். கொடையை அப்படி எழுதி வைக்க முடியாது.

மூன்றாவது, இப்போது வந்திருக்கும் புதிய மாற்றம். முன்பு ஓர் ஆண்கள் கோல்ஃப் அணிக்கு மொத்தம் நாலரை முழு உதவித்தொகைக்குச் சமமான தொகைதான் அனுமதி. அதைப் பயிற்சியாளர் பத்துப் பேருக்குள் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார். உதவித்தொகை இல்லாமல் ‘கடைசி ஆளாக’ அணியில் ஒட்டிக்கொண்டு, பயிற்சியில் தேறி, மேலே வந்தவர்களும் உண்டு. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரச உடன்பாட்டின்படி, அதில் சேரும் கல்லூரிகள் ஒன்பது ஆட்டக்காரர்களுக்குமே உதவித்தொகை தரலாம். ஆனால் ஒன்பது பேருக்கு மேல் அணியில் வைத்துக்கொள்ள முடியாது.

இதில் நன்மை இருக்கிறது. முழுத் தொகை கிடைக்கும் ஏழை மாணவனுக்கு இது பெரிய வரம். ஆபத்தும் இருக்கிறது. பத்தாவது, பதினொன்றாவது ஆளாக நின்று தேறுவதற்கு இனி இடமில்லை. ஒன்பது இடங்களும் விலைமதிப்பற்றவை ஆகும்போது, ‘இவன் மூன்று ஆண்டுகளில் பெரிய ஆளாவான்’ என்று நம்பி ஒரு முரட்டு வைரத்தை எடுக்கப் பயிற்சியாளருக்குத் துணிவு குறையும். வேறு கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் ஆடித் தேறியவனையோ, வெளிநாட்டில் தேசிய அணிக்கு ஆடியவனையோ எடுப்பது பாதுகாப்பானது. தாமதமாகத் தொடங்கும் பிள்ளைக்குத் தேவை கொஞ்சம் காலம். அந்தக் காலத்தைத்தான் இந்த விதி சுருக்குகிறது. எந்த விதி வந்தாலும், அது தாமதமாக வருபவனுக்கு என்ன செய்கிறது என்று கேட்பது நம் வழக்கமாக வேண்டும்.

நம் மாணவர்களுக்கு

நாம் யாரையும் கோல்ஃப் ஆடப் போகச் சொல்லவில்லை. ஆசை இருந்தால் அதுவும் போகட்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், கபடி ஆடுகிறார்கள், கைப்பந்து ஆடுகிறார்கள், சதுரங்கம் ஆடுகிறார்கள். அவர்களுக்கும் ‘பட்டியல்’ என்று ஒன்று இருக்கிறது. மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு, சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீடு என்று அது படிப்படியாக மேலே போகிறது. தேர்வு நடக்கும் நாளே தெரியாமல் போன பிள்ளை, தெரிந்தும் பேருந்துச் செலவுக்குக் காசில்லாத பிள்ளை, காலில் ஓடுவதற்குச் செருப்புகூட இல்லாத பிள்ளை, இவர்கள் எந்தப் பட்டியலிலும் தோற்றவர்களாகக்கூட எழுதப்படுவதில்லை.

எனவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் தேர்வுத் தேதியை ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டு எழுதி வைப்போம். அரசின் விளையாட்டு விடுதிகளுக்கு எப்போது விண்ணப்பம், என்ன வயது என்று விசாரிப்போம். படித்து வேலைக்குப் போன அண்ணன்களும் அக்காக்களும் ஊர்க் கூட்டத்தில் ஒரு சிறு பயண நிதி வைக்கலாம். திருவிழாச் செலவில் ஒரு பங்கு போதும். சேரித் தெருவுக்கு அருகே இருக்கும் பொது மைதானம் யார் பிடியில் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் அதில் ஆட முடிகிறதா என்று கிராம சபையில் கேட்கலாம். காஸ்டோனியாவில் ஒரு நகராட்சி செய்ததை நம் ஊராட்சியால் செய்ய முடியாதா?

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை யாராவது ‘திறமை இருந்தால் வரட்டும்’ என்று சொன்னால் கோபப்பட வேண்டாம். அமைதியாக மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டியலை யார் எழுதினார்? அதில் பெயர் ஏற எவ்வளவு செலவு? எந்த வயதுக்குள் ஏற வேண்டும்? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல முயல்கிறவர், இடஒதுக்கீடு ஏன் வேண்டும் என்பதைத் தானே பாதி புரிந்துகொள்வார்.

சிஃபோர்டுக்கு 39 வயதில் கதவு திறந்தது. ஸ்பில்லருக்குத் திறந்தபோது அவரால் உள்ளே போக முடியவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு எட்டு வயதிலேயே அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நாம் எழுதுகிறோம், கேட்கிறோம், திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.